அம்மிக்கும் சேர்த்து ஓர் அச்சு

எங்கள் தெருவில் அந்தக் கரவனைக் குப்பை என்று சொல்லாதவள் நான் ஒருத்திதான். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அதைத் தன் முற்றத்துப் புல்லில் பல வருடமாக விட்டிருந்தார். மூடியிருக்கும்போது அது இடுப்பளவு உயரமான ஒரு பெட்டி, கீழே இரண்டு சில்லு, அவ்வளவுதான். முன்பக்கத்துக் கைபிடியைச் சுற்றினால் கூரை மெல்ல எழும்பும். கூரையோடு சேர்ந்து கான்வஸ் சுவர்களும் எழும்பும். இரண்டு பக்கமும் கட்டிலை வெளியே இழுத்துவிட்டால் ஒரு குடும்பம் படுக்கலாம். மனைவி இருந்த காலத்தில் கோடை தவறாமல் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனாராம். இப்போது அதற்குள் எலி குடியிருந்தது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போவதாகவும், அப்புறப்படுத்துபவருக்கே அது சொந்தம் என்றும் சொன்னார். அன்று பின்னேரமே நானும் மகளும் அதை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டோம். நன்றிக்கு ஒரு சட்டி நண்டுக்கறி கொடுத்தேன். சாப்பிட்டாரோ ஊற்றினாரோ, எனக்குத் தெரியாது.

இவர் வேலை முடிந்து வந்தார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எனக்குப் பழக்கமில்லை, எழுதியும் பழக்கமில்லை. காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"இதென்ன கறுமம்?"

"கரவன்."

"அது தெரியுது. ஏன் இஞ்சை நிக்குது?"

"நாங்கள் இதிலை கடற்கரைக்குப் போகப் போறம்."

"கடற்கரைக்குக் காலமை போட்டுப் பின்னேரம் வரலாம்தானே. அதுக்கேன் கட்டில்?"

அந்தப் பின்னேரம்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. இவர் எங்கே போனாலும் இரவு வீட்டுக்கு வந்துதான் படுப்பார். ஒக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. வெலிங்டனில் என் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்துக்கு நானும் மகளும் பஸ்ஸில் போனோம், இவர் வீட்டுக்குக் காவல். ஹமில்டனில் ஒரு சாமத்தியச் சடங்கு. இருட்டப் போகிறது என்று சாப்பாட்டுக்கு முன்னமே எழும்பிவிட்டார். பந்தியில் இருந்த சனம் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஊரில் ஷெல் விழத் தொடங்கியபோது, இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று சொல்லித்தான் நாங்கள் வீட்டைப் பூட்டினோம். இவர் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கையில் ஒரு மாற்றுடுப்பு. பிறகு அந்த இடம் முழுவதும் ஆமிக்காரனின் வேலிக்குள் போய்விட்டது. வீடு நிற்கிறதா, இடித்தார்களா என்று சொல்லக்கூட ஆளில்லை. அதற்குப் பிறகு எத்தனை இடம் மாறி இந்த நாட்டுக்கு வந்தோம் என்பது வேறு கதை.

"வீடு எங்கையும் ஓடாதப்பா" என்று நான் சொல்வேன்.

"ஓடினதுதானே ஒருக்கா" என்பார் இவர்.

எனக்கு இவர் மேல் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. உள்ளதைச் சொன்னால் கோபம்தான் கூட. மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் நாங்கள் கூப்பிட்டாலும் எங்களோடு வர மாட்டாள். அதற்கு முதல் மூன்று பேரும் ஒரு நாளாவது வேறெங்காவது கண் விழிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிற மனுசனை என்ன செய்வது? ஒரு வீட்டையே பின்னால் கட்டி இழுக்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன்.

நான் அப்போது வேலைக்காரர்களுக்கு ஓவரோல் தைக்கிற தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே தடித்த துணி தைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. வேலை முடிந்த பிறகு அதில் தைக்க மேற்பார்வைக்காரி விட்டாள். கான்வஸைக் கழற்றி, வினாகிரி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயப்போட்டு, எலி கடித்த இடமெல்லாம் வெட்டியெடுத்து ஒட்டுப்போட்டேன். ஜன்னல் வலை புதிது. மெத்தை உறைக்கு என்னுடைய பழைய வொயில் சேலை இரண்டு போயிற்று. கூரையைத் தூக்கும் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டு, நானும் மகளும் கைபிடியில் தொங்கி, ஒரு சனிக்கிழமை கூரையை முழு உயரத்துக்கு எழுப்பினோம். மகள் தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள். இவர் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். கான்வஸில் ஒரு மூலை சரிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கோடை விடுமுறையில் மகள்தான் இவரைச் சம்மதிக்க வைத்தாள். ஒரே ஓர் இரவு, டாட், ப்ளீஸ் என்று காலைச் சுற்றினாள். "ஓம், பாப்பம்" என்றார். மறுநாள் "ஓம்" என்றார். அதற்கு அடுத்த நாள், "சாமானெல்லாம் நான் ஏத்திறன். நீங்கள் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார். நானும் ஒரு விசரி, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

இவருக்கு வேலை மங்கரேயில், விமானத்துக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில். ஒரு பெட்டிக்கும் மற்றப் பெட்டிக்கும் இடையில் விரல் நுழைய இடம் விடமாட்டார் என்று அங்கே இவருக்குப் பெயர். கரவனையும் அப்படித்தான் அடுக்கினார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அடுக்கி, மூடி, கொளுக்கி போட்டுவிட்டார். சிறைக்காவலன்கூட அப்படிக் கொளுக்கி போட மாட்டான்.

காலையில் புறப்பட்டோம். கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். காரில் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரேவா கடற்கரைக்குப் போவதானால் துறைமுகப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தில் ஏறும்போதே கார் முனகியது. "ஏனப்பா இப்பிடி இழுக்குது?" என்றேன். "ஏத்தம்தானே" என்றார். இறங்கும்போது ரப்பர் கருகுகிற மணம் வந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினான். திரும்பிப் பார்த்தால் கரவனின் சில்லிலிருந்து புகை. எப்படியோ பாலம் தாண்டி ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தோம். சில்லுகள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சரிந்து, கரவன் காலை அகட்டிக்கொண்டு நின்றது. ரயர் சில்லுக்கூட்டில் உரசிக் கருகியிருந்தது. அடியில் இரண்டு சில்லையும் சேர்க்கிற இரும்பு அச்சு நடுவில் தொய்ந்துபோயிருந்தது.

பாரத்தைக் குறைத்தால்தான் நகர்த்தலாம் என்று நான் கொளுக்கியைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். முதலில் கண்ணில் பட்டது அம்மி. ஒட்டாஹூஹூவில் ஃபிஜிக்காரர் கடையில் வாங்கின கருங்கல் அம்மி, குழவியோடு.

"கடற்கரைக்கு அம்மியோ? அம்மியோ அப்பா? ஆர் அரைக்கப் போறது, கடல் நண்டோ?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். லொறிகள் போகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கத்திக் கத்தி ஒவ்வொன்றாக இறக்கினேன். அரிசி மூட்டை. என் தையல் மெஷின். பெரிய கூழ்ப்பானை. பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா டின். மண்ணெண்ணெய் அடுப்பு. அதற்குக் கீழே மழைக்காலத்துக் கம்பளிகள், மகளின் குளிர்ச்சட்டை, பாடசாலைச் சீருடை. தை மாதத்து வெயிலில் குளிர்ச்சட்டை. அதற்கும் கீழே, என் கூறைச்சேலையில் சுற்றி, சுவாமித்தட்டில் இருந்த படங்கள் எல்லாம்.

படங்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிரித்தேன்.

மகள் ரோட்டோரத்தில் பரவிக்கிடந்த சாமான்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆர் வீ மூவிங் ஹவுஸ், அம்மா?" என்றாள். வீடு மாறுகிறோமா என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இவர் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுசன் ஓர் இரவுக்காகச் சாமான் அடுக்கவில்லை. திரும்பி வரக் கிடைக்காது என்று நினைத்து அடுக்கியிருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டும் எங்களுக்காகப் புறப்பட்டிருக்கிறார். கூறைச்சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கல்லில் இருந்துவிட்டேன்.

போன் அடித்ததும் எங்களை வந்து ஏற்றியவன் எங்களுக்குப் பழக்கமான கோயம்புத்தூர்த் தம்பி. ஒட்டாஹூஹூவில் கார் ஒடுக்கெடுக்கிற பட்டறையில் வேலை. தன்னைப் போல வேலைக்காரன் இந்தத் தீவிலேயே இல்லை என்று அவனே எல்லோரிடமும் சொல்லிவிடுவான், மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வைக்க மாட்டான். பட்டறை லொறியோடு வந்து இறங்கியவன் சாமான்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தான்.

"என்னங்கக்கா, பீச்சுக்குப் போனீங்களா, தனிக்குடித்தனம் போனீங்களா?"

"வாயை மூடிக்கொண்டு ஏத்தும், தம்பி."

அவன் குனிந்து பார்த்துவிட்டு, அச்சு உள்ளே துருப்பிடித்திருந்தது, அதோடு இந்தப் பாரமும் சேர்ந்ததால் தொய்ந்துவிட்டது என்றான். "லோடைக் குறைங்க, இல்லைன்னா இதைத் தூக்கிப் போடுங்க. அவ்ளோதாங்க்கா."

அன்று இரவு இவர் தன் கட்டிலில் படுத்தார். காலையில் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "சொன்னனான்தானே. உந்தக் கரவனை எறிஞ்சு போடுவம்" என்றார். குரலில் ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

இப்போது நான் யோசித்தேன். சாமானைக் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம். சண்டையில் நான் தோற்றதில்லை. ஆனால் அம்மியை இறக்கினால் அதோடு இவரும் இறங்கிவிடுவார். அம்மியும் சுவாமிப் படமும் குளிர்ச்சட்டையும் கூட வந்தால்தான் இவருக்குக் கால் எழும்பும். அப்படியென்றால் அவை வரட்டும். குறை சாமானில் இல்லை, அச்சில்தான் இருக்கிறது. தம்பிக்குப் போன் அடித்தேன்.

"பாரம் குறையாது, தம்பி. அச்சைப் பெரிசாப் போடுவம்."

"அக்கா, அது சும்மா குட்டி கரவனுங்க்கா. அதுக்குப் போய்..."

"போடுவம் எண்டு சொன்னனான்."

"சரிங்க்கா, சரிங்க்கா. கோவிச்சுக்காதீங்க."

அளவெடுத்தது நான். தம்பி கம்பி நாடா கொண்டுவருகிறேன் என்றான். எனக்கேன் அது? கழுத்தில் கிடந்த தையல் நாடாவோடு கரவனுக்குக் கீழே புகுந்தேன். சில்லுப் பூட்டுகிற இடத்திலிருந்து மற்றச் சில்லுப் பூட்டுகிற இடம் வரைக்கும் எவ்வளவு, அச்சோடு சேர்ந்து பாரம் தாங்குகிற வில்லுத் தகடு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு, எல்லாம் எழுதிக்கொண்டு ட்ரெயிலர் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டார். தலையணை, ஐஸ்பெட்டி, நாற்காலி என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அம்மியில் தொடங்கினேன். அரிசி மூட்டைக்கு வரும்போது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படகு ஏற்றுகிற ட்ரெயிலருக்குப் போடுகிற அச்சுத்தான் உங்களுக்குச் சரி என்றார். அதையே சொல்லி வெட்டுவித்தேன். அதற்கேற்ற தடித்த வில்லுத் தகடும் ரயரும் எடுத்தேன்.

அச்சு வந்தது. கறுத்த மையடித்து, சதுரமாக, என் துடையளவு தடிப்பு. முற்றத்தில் அதைக் கிடத்திவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். நகைக்கடையில் கூட நான் அப்படி நின்றதில்லை.

மாட்டுகிற நாள் தம்பி வந்து வேலையைத் தொடங்கினான். ஜாக்கைக் கொண்டுபோய் நேரே புல்லில் வைத்தான். இவர் வழக்கம் போலக் குசினி ஜன்னலில். எனக்கு எதுவும் தெரியாது, எதிலும் சம்பந்தமில்லை என்கிற முகம். ஜாக் கரவனைத் தூக்கத் தூக்கப் புல்லுக்குள் புதைந்துகொண்டு போயிற்று. தம்பி அதைக் கவனிக்காமல் தன் பட்டறை வீரப் பிரதாபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் இவர் ஒரு தடித்த பலகையோடு முற்றத்தில் நின்றார்.

"எடும் அதை. ஆளையெல்லோ கொல்லப் பாக்கிறீர். பாரம் தூக்கிறதெண்டால் முதல் நிலத்தைப் பாக்கோணும்."

"அண்ணே, நான் இதெல்லாம் எத்தனை பார்த்திருக்கேன்..."

"பாத்தது காணும். இந்தப் பலகையை வையும்."

அதோடு வேலை இவர் கைக்குப் போய்விட்டது. நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் போட்டேன், சீனி ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

பழைய அச்சு இலேசில் விடவில்லை. வில்லோடு அதைப் பிடித்திருந்த வளைந்த போல்ட்டுகள் துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தன. போல்ட் கழற்றுகிற திறப்பின் பிடியில் நீளக் குழாயை மாட்டி, இவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தொங்கினார்கள். "அசையுது, அசையுது" என்று தம்பி கத்தினான். அசைந்தது கரவன்தான். கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். நெருப்புப் பொறி பறக்க, மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய அச்சு தடாரென்று விழுந்தது. அதைத் தூக்கி ஓரமாக எறிந்தபோது இவருடைய முகத்தைப் பார்த்தேன். ஊரில் தண்ணி இறைக்கிற மெஷினைக் கழற்றிப் பூட்டுகிற நாட்களில் இருந்த முகம்.

சில்லுக்குள் போகிற பேரிங்குக்குக் கிறீஸ் அடைக்கிற வேலை எனக்கு வந்தது. உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் பிதுங்கும் வரை ஏற்ற வேண்டும். புட்டுக்கு மாக் குழைத்த கைக்கு இதென்ன பெரிய வேலை? "அக்கா, எங்க பட்டறையில வந்து சேர்ந்திருங்க" என்றான் தம்பி.

புது அச்சைத் தூக்கி வைத்து, வில்லைப் பூட்டி, சில்லை மாட்டி, ஜாக்கை இறக்கினோம். மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம். கரவன் நிமிர்ந்து, நேராக, முன்னையிலும் உயரமாக நின்றது. ஆனால் இரண்டு சில்லும் சில்லுக்கூட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

தம்பி குந்தியிருந்து பார்த்தான். "அளவு யாருங்க்கா எடுத்தது?"

"நான்தான். சரியாத்தான் எடுத்தனான்."

"பக்கத்துக்கு அரை இன்ச்சு கூட நிக்குதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த அளவெடுத்தாலும் தையலுக்கென்று பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டி எழுதுவது என் கைப்பழக்கம். எழுதும்போது மூளை வேலை செய்வதில்லை, கைதான் எழுதும். அச்சுக்கும் தையலுக்கு விட்டிருக்கிறேன். சொன்னேன். தம்பி புல்லில் உருண்டு சிரித்தான். அது பரவாயில்லை. இவர் சிரித்தார். வாயைப் பொத்தி, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். வருடக்கணக்காக நான் கேட்காத சிரிப்பு அது. "அச்சு கொழுத்தால் தையலைப் பிரிச்சு விடலாம் எண்டு விட்டவவாக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சேர்ந்து சிரித்தேன்.

தம்பி அடுத்த கிழமை பட்டறையிலிருந்து தகடு வெட்டிக்கொண்டு வந்து சில்லுக்கூட்டுக்கு ஒரு விளிம்பு ஒட்டி, பெயின்ட் அடித்தான். பார்த்தால் கம்பனியிலிருந்தே அப்படி வந்தது போலத்தான் இருந்தது. சில்லு அகலமாக நின்றதால் காற்றிலும் ஆடாது என்று அவனே ஒத்துக்கொண்டான். வாகனத் தகுதி பார்க்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். பரிசோதகர் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து, இதில் என்ன, மாடா ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். "அம்மி" என்றேன். விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு, ரோட்டில் ஓடலாம் என்கிற வோறன்ட் சீட்டை ஒட்டிக் கொடுத்தார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு இவரே நாள் சொன்னார். இவரே அடுக்கினார். அம்மி, அரிசி, மெஷின், பானை, கம்பளி, சுவாமிப் படம், ஒன்றும் குறையவில்லை. இந்த முறை நானும் கூட நின்று எடுத்துக் கொடுத்தேன். "உதையும் வையுங்கோ" என்று தேங்காய் திருவுகிற திருவலகையைக்கூட நீட்டினேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்தார். கண்ணூறு படாமல் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்ததும் இவர்தான். மகள் பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள் என்று காருக்குள் ஒளிந்துகொண்டாள். கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார், திரும்ப இறங்கிப் போய்ப் பார்த்தார். சாவி இடுப்புக்குப் போயிற்று. தேசிக்காய் நசுங்க, கரவன் ரோட்டில் ஏறியது.

பாலத்தில் ஏறும்போது ஒருவரும் கதைக்கவில்லை. இறங்கும்போதும் கதைக்கவில்லை. நான் ஜன்னலால் தலையை வெளியே விட்டு மணம் பிடித்துப் பார்த்தேன். கடல் மணம்தான் வந்தது. அன்று சாமான் பரப்பின இடத்தைத் தாண்டும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "போடு!" என்று கத்தித் தட்டினேன், டாஷ்போர்டில் கை நொந்துவிட்டது. மகளும் பின்னால் இருந்து கத்தினாள். இவர் கண்ணாடியில் பின்னால் வருகிற கரவனைப் பார்த்துவிட்டு, "நேராத்தான் வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ஒரேவா வரும் வரைக்கும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

கூரையை எழுப்பிக் கட்டிலை இழுத்துவிட்டோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர் தூண்டிலில் பிடித்துவந்த பெரிய ஸ்னாப்பர்களை வெட்டிக்கொண்டிருந்தார். சதையை எடுத்துக்கொண்டு தலைகளை ஒரு வாளிக்குள் போட்டார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓடிப்போய், "அதை என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன். எறியத்தான் என்றார். வாளியோடு வாங்கிவந்தேன். அப்போதுதான் எனக்குப் பட்டது, அம்மி இருக்கிறது, கூழ்ப்பானை இருக்கிறது, ஒடியல் மாவும் இருக்கிறது. என்ன குறை? செத்தல் மிளகாயும் உள்ளியும் மஞ்சளும் வைத்து அம்மியில் அரைத்தேன். இன்னொரு கூடாரத்தில் சிட்னியிலிருந்து வந்திருந்தவர்களின் பிள்ளைகள் அம்மியைச் சுற்றி நின்று வாய் பார்த்தார்கள். மீன் தலையும், ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த நண்டு, இறால், மரவள்ளி, கீரை எல்லாமும் கொதித்து, ஒடியல் மாக் கரைத்து விட்டபோது மணம் அந்தக் கடற்கரையைத் தூக்கியது. கோப்பையோடு வந்தவர்களுக்கெல்லாம் வார்த்தேன். தலை கொடுத்தவர் உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு மூன்றாவது கோப்பைக்கு வந்தார். இவர் நடுவில் நின்று, "இது எங்கட ஊர்ச் சாப்பாடு" என்று ஆளாளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தார். அம்மி எத்தனை இறாத்தல் என்றும், அதைத் தாங்கிவந்த அச்சு எப்படிப்பட்டது என்றும் சொன்னார். குனிந்து கீழே காட்டினார். ஆட்களும் குனிந்து பார்த்தார்கள்.

முதல் நாள் இரவு இவர் சரியாக நித்திரை கொள்ளவில்லை. இரண்டாம் இரவு கழிந்து காலையில் நான் எழும்பிப் பார்த்தேன். வெயில் கான்வஸில் ஏறி உள்ளே மஞ்சளாக இருந்தது. என் சேலையில் தைத்த மெத்தையில் இவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இல்லை. ஒரு கடற்கரையில். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். எழுப்பாமல் வெளியே வந்து அடுப்பு மூட்டினேன்.

திங்கட்கிழமை புறப்பட வேண்டும். செவ்வாய் எல்லோருக்கும் வேலை. இவரைக் காணவில்லை. கடை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். சரி, இவருக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும், வந்த உடனே அவசரப்படுத்துவார் என்று நான் சுவாமிப் படங்களைச் சுற்றி வைத்தேன், அம்மியைக் கழுவி வைத்தேன், கட்டிலை உள்ளே தள்ளினேன், கைபிடியைச் சுற்றிக் கூரையை இறக்கத் தொடங்கினேன். பாதி இறங்கியிருக்கும். இவர் வந்து நின்றார்.

"என்ன செய்யிறீர்?"

"பாக்கத் தெரியேல்லையோ? வீட்டை போகவெல்லோ வேணும்."

"வேலைக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன், நாளைக்கு வரேல்லை எண்டு."

நான் கைபிடியில் கையை வைத்தபடி இவரைப் பார்த்தேன். "என்னப்பா, சுகமில்லையோ?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கிறன். இன்னொரு நாள் நிப்பம்."

"அப்ப வீடு?"

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தடவினார். மகள் தண்ணீருக்குள் நின்று எங்களை வரச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வீடு எங்கை ஓடப்போகுது" என்றார்.

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி, அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கினார். நான் கைபிடியை மறுபக்கம் சுற்றினேன். கூரை திரும்ப எழும்பியது.